சல்லடையில் தங்கும் மண்: கொறங்காட்டுச் சரளை நிலத்தின் இயல்பும் வகைப்பாடும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து மேய்ச்சல் நிலம் ஒன்றிலிருந்து மண்ணெடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால், அங்கே முதலில் அதை நிழலில் உலர்த்தி, கட்டிகளை உடைத்து, 2 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் சலிப்பார்கள். கீழே விழுவது மட்டுமே ஆய்வுக்குப் போகும். மேலே தங்கும் கல் வெளியே கொட்டப்படும். சில நாள் கழித்து வரும் அட்டையில் மணற்பாங்கான செம்மண், கரிமச்சத்து குறைவு, தழைச்சத்து குறைவு என்றெல்லாம் எழுதியிருக்கும். அட்டை சொல்வதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த நிலத்தில் எடையால் பாதியளவு இருந்த பொருளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. அங்கே சோளம் ஏன் வாடுகிறது, கொழுக்கட்டைப் புல் ஏன் வாடிய பின்னும் தழைக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குமான விடையில் பெரும்பகுதி சல்லடையில் தங்கிய அந்தக் கல்லில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கொங்கு நாட்டின் வறண்ட கிழக்குப் பகுதியில் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் முள்கிளுவையால் ஆன உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. காங்கேயம் மாடுகளும் செம்மறியும் இதில் மேய்ந்தே வளர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பதால் இங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. தென்மேற்குப் பருவத்தின்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்குப் பதில் காற்றுதான் வந்து சேர்கிறது. காற்றாலைகளுக்கு நல்வரவான அந்தக் காற்று, மண்ணின் ஈரத்தை மாதக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

சரளை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. இந்த வட்டாரத்தின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸ் எனப்படும் பழைய வரிப்பாறை. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரும் கருநிறக் கனிமங்களும் காலப்போக்கில் சிதைந்து களிமண்ணாகவும், சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடாகவும் மாறுகின்றன. பாறையினூடே நரம்புபோல் ஓடும் குவார்ட்ஸ் அப்படிச் சிதைவதில்லை. உடைந்து, கூர்முனைகளுடன், அப்படியே மண்ணில் தங்கிவிடுகிறது. ஊர்க்காரர்கள் வெங்கச்சங்கல் என்பது இதைத்தான். நுண்மண்ணை மழைநீரும் காற்றும் அரித்துப்போக, கல் மட்டும் மேலே சேர்ந்துகொண்டே வரும். இரண்டாவது வகை சுக்கான் கல். சிதையும் பாறையிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்பை முழுவதும் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு இங்கே மழை இல்லாததால், அது சற்றுக் கீழே இறங்கி, நீர் வற்றும் ஆழத்தில் படிந்து, முடிச்சு முடிச்சாக இறுகிவிடுகிறது. வெங்கச்சங்கல் பாறையின் எச்சம் என்றால், சுக்கான் மண்ணுக்குள்ளேயே பிறந்த கல். (இப்பகுதிப் பாறை நரம்புகளில்தான் காங்கேயத்தின் கடல்நீல நிற மணிக்கற்களும் கிடைக்கின்றன. சிவன்மலையின் அரிய பாறைகள் புவியியலாளர்களிடம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பேர்பெற்றவை. ஆனால் அது வேறொரு கட்டுரைக்கான செய்தி.)

ஒரு கொறங்காட்டில் முழங்கால் ஆழக் குழி வெட்டினால் இந்த வரலாறு சுவரில் தெரியும். மேலே ஒரு விரற்கடை அளவுக்கு உதிரிக் கல், அதன் அடியில் சாண் ஆழம்வரை புல்வேர் பின்னிய பழுப்புச் சிவப்பு மண். அதற்குக் கீழே நிறம் அடர்ந்து, கடப்பாரை பட்டால் 'கிணுக்' என்று ஒலிக்கும் கல்லடுக்கு. கல்லிடுக்கில் கையில் பிசுபிசுப்பாக ஒட்டும் சிவந்த களி. இன்னும் கீழே வெண்புள்ளிகள் தோன்றும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் அவை நுரைக்கும். அதன் பிறகு கையால் நொறுக்கக்கூடிய சிதைந்த பாறை. எல்லா நிலத்திலும் எல்லா அடுக்கும் இருப்பதில்லை. கரட்டை ஒட்டிய மேட்டில் களியடுக்கே இல்லாமல் சாண் ஆழத்தில் பாறை வந்துவிடும்; ஓடையை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு மீட்டர்வரை மண் இருக்கும். மழை பெய்து சில நாள் கழித்து வெட்டிய குழியில், சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. சுற்றிலுமுள்ள மண் உலர்ந்திருக்கும்போதும் கல்லின் அடியில் ஈரம் ஒட்டியிருக்கும். அந்த ஈரத்தைத் தேடி வந்த நூலிழை வேர்கள் கல்லின்மேல் வலைபோல் படர்ந்திருக்கும்.

சரளையின் அளவைக் குறிப்பிடுவதற்கு மண்ணியலில் திட்டமான வரையறைகள் உண்டு. 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவை நுண்மண். 2 முதல் 75 மில்லிமீட்டர்வரை சரளை; அதற்கு மேல் 250 மில்லிமீட்டர்வரை உருளைக்கல்; அதையும் தாண்டினால் பாறைக்கல். கன அளவில் 15 விழுக்காட்டுக்குக் குறைவாகச் சரளை இருந்தால் மண்ணின் பெயரில் அதைச் சேர்ப்பதில்லை. 15 முதல் 35 வரை சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை மண், 60 முதல் 90 வரை கடுஞ்சரளை மண் என்று பெயர் ஏறிக்கொண்டே போகும். இங்கே கன அளவு என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் வயலில் நமக்கு எளிதாகக் கிடைப்பது எடைதான். ஒரு கூடை மண்ணைச் சலித்து இரண்டு பங்கையும் நிறுத்துப் பார்த்தால் எடை சரிபாதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, துளைகளோடு கூடிய நுண்மண்ணின் அடர்த்தி ஏறத்தாழ 1.5. கணக்குப் போட்டால் எடையில் 50 விழுக்காடாக இருக்கும் கல், கன அளவில் 36 விழுக்காடுதான். அதாவது பாதி கல்லாகத் தெரியும் மண், 35 என்ற எல்லைக்கோட்டை அப்போதுதான் தாண்டியிருக்கிறது. அந்தக் கோடு எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னால் வகைப்பாட்டில் பார்க்கலாம்.

எல்லாக் கல்லையும் ஒரே கல்லாக எண்ணுவதும் தவறு. வெங்கச்சங்கல்லுக்குள் நீர் புகாது. சிதைந்த நைஸ் துண்டும், இறுகாத சுக்கானும் ஓரளவு நீரைக் குடித்து வைத்திருக்கும். கையால் நொறுக்கிவிட முடிகிற துண்டுகளைச் சரளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கள ஆய்வு விதிகள் சொல்வதும் இதனால்தான். பார்வைக்குச் சம அளவு கல் உள்ள இரண்டு காடுகளில் ஒன்று மற்றொன்றைவிடப் பத்து நாள் கூடுதலாகப் பசுமை காப்பதற்குக் கல்லின் இந்த வேறுபாடும் காரணமாக இருக்கலாம்.

இனி நீர்க்கணக்கு. இத்தகைய மணற்பாங்கான நுண்மண் தன் கன அளவில் 12 விழுக்காடு நீரைப் பயிருக்குக் கிடைக்கும் வகையில் பிடித்து வைக்கும் என்று கொள்வோம். அரை மீட்டர் ஆழமுள்ள கல்லில்லாத மண்ணில் அது 60 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அதே ஆழத்தில் 40 விழுக்காடு நீர் புகாத கல் இருந்தால், மிஞ்சுவது 36 மில்லிமீட்டர். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் செலவாகும் காலத்தில் முதல் மண் 12 நாள் தாங்கும். சரளை மண் ஒரு வாரம்தான் தாங்கும். கார்த்திகையில் மழை பத்து நாள் இடைவெளி விட்டால் மானாவாரிச் சோளம் கதிர்விடும் நேரத்தில் வாடிப்போவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் இதே கணக்கை மறுபுறமிருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்த நிலத்தில் 15 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கல்லில்லாத மண்ணில் அது ஏறத்தாழ 125 மில்லிமீட்டர் ஆழம் நனைத்து நின்றுவிடும். 40 விழுக்காடு கல்லுள்ள மண்ணிலோ, நீரைப் பிடிக்கும் மண் குறைவு என்பதால், அதே மழை 200 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கும். வெயிலும் காற்றும் நேரடியாக உறிஞ்சக்கூடியது மேல்மட்ட ஈரத்தைத்தான். ஆகவே சிறு மழைகளில் எவ்வளவு பங்கு வேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால், சரளை மண் முந்திவிடுகிறது. ஈரமான நாடுகளில் களிமண்ணும் வறண்ட நாடுகளில் பருமணல் மண்ணும் தாவரத்துக்கு உகந்தவை என்ற இந்தத் தலைகீழ் உறவை, பாலைவனச் சூழலியலை ஆராய்ந்த இம்மானுவேல் நோய்-மெய்ர் 1973-இல் தெளிவாக எடுத்துரைத்தார். கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

மேற்பரப்பில் உதிரியாகக் கிடக்கும் கல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழைத்துளி மண்ணை நேரடியாக அடித்துப் பொறுக்கு கட்டவிடாமல் அது தடுக்கிறது. உலர்ந்த பின் மூடாக்காக இருந்து ஆவியாதலைக் குறைக்கிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: கல் மண்ணின்மேல் கிடக்க வேண்டும். மிதிபட்டு, இறுகிய மேற்பரப்பில் பதிந்துபோன கல், நீரை உள்ளே விடாமல் வழிந்தோடச் செய்யும். ஒரே காட்டில் வேலியோரம் புல் செழித்தும், மாடு நின்று மிதிக்கும் வாசலோரம் தரை மொட்டையாகவும் இருப்பதைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும்.

கொழுக்கட்டைப் புல் இந்த மண்ணுக்குப் பொருந்துவது இதனால்தான். அது பல்லாண்டுப் புல். தூரின் அடிப்பகுதியில் உணவைச் சேமித்து வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் செத்ததுபோல் காய்ந்து கிடக்கும். ஒரு மழை விழுந்தால் சில நாட்களில் துளிர்த்துவிடும். விதையிலிருந்து தொடங்கி, இடைவெளியில்லாத நீர் கேட்டு, மூன்றரை மாதத்தில் கதிர்முற்றியாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. கல்லிடுக்கில் நுழையும் நார்வேர்கள், ஆழமிறங்கிய சிறு மழையின் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கும் கீழே, சிதைந்த பாறையின் பிளவுகளில் தேங்கும் நீர் வெள்வேலத்துக்கு உரியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொறங்காட்டை உழுது சோளத்தட்டு விதைக்கும் வழக்கம் இருந்தாலும், அது புல்லைப் புதுப்பிக்கச் செய்யும் உழவே தவிர, நிலத்தை வயலாக்கும் உழவன்று.

இப்போது வகைப்பாடு. சங்கப் பாடல்கள் நிலத்தை வன்புலம், மென்புலம் என்று பிரித்துப் பேசும்; மேய்ச்சலும் மானாவாரியும் வன்புலத்துக்கு உரியவை. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு பத்தி இருக்கிறது. அங்கே எண்களாக நிற்கும் வகை, தீர்வை விதிப்பதற்காக ஆங்கிலேயர் காலத்தில் உருவானது. இன்று இந்திய மண் அளவாய்வுகள் பின்பற்றுவது 1975-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டு, 1999-இல் திருத்திப் பதிப்பித்த முறை. அது நிலத்தில் என்ன விளைகிறது என்று கேட்பதில்லை. குழிச்சுவரில் என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன என்றே கேட்கிறது.

அதன்படி கொறங்காட்டு மண் ஒரே பெயருக்குள் அடங்காது. களி கீழிறங்கிச் சேர்ந்த அடுக்கு தெளிவாக இருந்தால் அது ஆல்ஃபிசால். அடுக்கு உருவாகத் தொடங்கி முற்றாமல் நின்றிருந்தால் இன்செப்டிசால். கரட்டோரத்தில் மெல்லிய மண்ணுக்குக் கீழே உடனே பாறை என்றால் என்டிசால். ஒரு முழுப்பெயரை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கலாம்: லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, ஐசோஹைப்பர்தெர்மிக், டிபிக் ஹாப்ளஸ்டால்ஃப். கடைசியிலுள்ள 'ஆல்ஃப்' ஆல்ஃபிசாலைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள 'அஸ்ட்', ஆண்டில் மொத்தம் 90 நாளோ அதற்கு மேலோ மண் வறண்டிருந்தாலும் பயிர்க்காலத்தில் ஈரம் கிடைக்கும் பருவநிலையைச் சொல்கிறது. 'ஹாப்ள்' என்பது வேறு சிறப்புக் கூறுகள் இல்லாத எளிய வகை. 'டிபிக்' என்றால் அவ்வகையின் வழக்கமான மாதிரி; 'மிக்ஸ்டு' என்றால் பல கனிமங்கள் கலந்தது; 'லோமி' என்றால் நுண்மண்ணில் மணலும் களியும் நடுத்தரமாகக் கலந்தது. ஐசோஹைப்பர்தெர்மிக் என்றால் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 22 பாகை செல்சியஸுக்குக் குறையாமலும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே 6 பாகைகூட வேறுபாடு இல்லாமலும் இருப்பது. ஸ்கெலிட்டல் என்ற சொல்லில்தான் சரளை வந்து அமர்கிறது: வரையறுத்த ஆழப்பகுதியில் கன அளவால் 35 விழுக்காடும் அதற்கு மேலும் கல் இருந்தால் மட்டுமே இந்தச் சொல் சேரும். 34 விழுக்காடு கல்லுள்ள பக்கத்துக் காட்டின் பெயரில் இது இராது. எலும்புக்கூடு என்ற பொருளில் பெயரிட்டவர்கள் கல்லைச் சட்டகமாகவும் மண்ணை அதன்மேல் பற்றிய தசையாகவும் பார்த்திருக்கிறார்கள். குழிச்சுவரைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை மறுக்கமாட்டார்கள்.

இந்த ஏணியின் கடைசிப் படி மண்வரிசை. அதற்கு ஊர்ப்பெயரே வைக்கப்படும். கோவை வட்டாரச் செம்மண்களில் சுண்ணாம்பு இல்லாத இருகூர் வரிசையும், சுண்ணாம்பு கலந்த பாலத்துறை வரிசையும் வேளாண் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும். பழைய அறிக்கைகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் அஸ்ட்ரோபெப்ட் என்ற இன்செப்டிசால் வகையாக எழுதப்பட்ட மண்கள் 1999-க்குப் பிறகு பெரும்பாலும் ஹாப்ளஸ்டெப்ட் ஆகிவிட்டன, மேல்மட்டம் முதலே சுண்ணாம்பு கலந்து, அதன் கீழே சுண்ணாம்பு அடுக்கும் தெளிவாக இருந்தால் கால்சியஸ்டெப்ட். மண் மாறவில்லை, திருத்திய பதிப்பில் அந்த உள்வகை நீக்கப்பட்டதால் பெயர் மட்டும் மாறியது.

புல்வெளி மண் என்றால் உலகம் நினைப்பது கருமையான மாலிசாலை. உக்ரைன், ரஷ்யச் சமவெளிகளின் செர்னோசெம் என்னும் கருமண்ணை ஆராய்ந்து ரஷ்ய அறிஞர் தொக்குச்சாயெவ் 1883-இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் நவீன மண்ணியலே தொடங்குகிறது என்பார்கள். கொறங்காட்டில் தலைமுறை தலைமுறையாகப் புல் இருந்தும் அது மாலிசால் ஆகவில்லை. அந்தப் பெயருக்கு, தடிமனான கரிய மேலடுக்கும் அதில் குறைந்தது 0.6 விழுக்காடு கரிமமும் வேண்டும். இங்கே ஆண்டு முழுதும் மண் சூடாக இருப்பதால் மட்கிய பொருள் நிற்பதில்லை. காய்ந்த சருகைக் கறையான் கொண்டுபோகிறது. மிஞ்சியதை ஆடுமாடு மேய்ந்துவிடுகிறது. கரிமம் அரை விழுக்காட்டைத் தாண்டுவதே அரிது. அமெரிக்காவின் விஸ்கான்சின், இல்லினாய் மாநிலங்களில் பனியாறுகள் விட்டுச்சென்ற சரளை மேடுகளில் ராட்மன் என்ற மண்வரிசை உண்டு. அதுவும் சரளை நிறைந்தது. சுற்றிலும் மக்காச்சோளம் விளையும் நாட்டில் கலப்பை ஏறாத மேடுகளாகப் புல்லைக் காத்து நின்ற நிலம். ஆனால் குளிரும் மழையும் கூடிய அந்த நாட்டில் கரிமம் தங்கி மண் கறுத்துவிட்டதால் அது டிபிக் ஹாப்ளுடால், அதாவது மாலிசால். இரண்டிடத்திலும் கலப்பையைத் தடுத்தது கல்; பெயரைப் பிரித்தது தட்பவெப்பம். ஆகவே நம் மண்ணின் பெயரில் புல் தெரியவில்லை என்பதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. அஸ்ட், ஸ்கெலிட்டல் என்ற இரு சொற்களைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அது மேய்ச்சல் நிலம் என்பது விளங்கிவிடும்.

ஆய்வக அட்டைக்குத் திரும்பலாம். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அதில் வரும் எண், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 22 லட்சம் கிலோ மண் இருக்கிறது என்ற அனுமானத்தில் பெருக்கி எடுத்தது. கன அளவில் 40 விழுக்காடு கல்லாக இருந்தால் நுண்மண் 13½ லட்சம் கிலோவுக்கு மேல் தேறாது. அட்டை 200 கிலோ தழைச்சத்து என்றால் நிலத்தில் இருப்பது 120 கிலோதான். மாதிரி எடுக்கும்போதே கல்லையும் மண்ணையும் தனித்தனியாக நிறுத்து, கல்லின் பங்கை உறைமேல் எழுதிவிட்டால் இந்தத் திருத்தத்தைச் செய்துகொள்ளலாம். கல்லைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு 'நல்ல மண்ணாக' அனுப்பும் நம் பழக்கம் கணக்கை மேலும் கெடுக்கிறது.

நிலத்தின் தகுதியை ஒன்று முதல் எட்டுவரை வகுக்கும் முறையில் முதல் நான்கு வகுப்புகள் உழவுக்கு, ஐந்து முதல் ஏழுவரை மேய்ச்சலுக்கும் மரத்துக்கும், எட்டாவது இவை எதற்கும் ஆகாதது. ஆழமற்ற சரளைக் கொறங்காடு பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் விழும். உழவுக்காகாது, மேய்ச்சலுக்கு ஆகும் என்பதே அதன் பொருள், தரிசு என்பதன்று. ஆனால் பேச்சு வழக்கிலும் கோப்புகளிலும் இவ்விரண்டும் எளிதில் ஒன்றாகிவிடுகின்றன. சட்டத்திலோ இந்த மண்ணுக்கு இன்னொரு வகுப்பும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் சரளையைச் சிறுகனிமம் என்கிறது. சாலைக்கும் மனைக்கும் கொட்ட லாரியில் ஏறும்போது அதன் பெயர் கிராவல், அளவு யூனிட். மண்ணியலின்படி அப்போது நடப்பது இதுதான்: மேலுள்ள வேரடுக்கும், கல்லிடுக்கில் களி சேர்ந்த அடுக்கும் போய்விடுவதால் ஆல்ஃபிசாலாக இருந்த நிலம் அந்தப் பெயருக்கான தகுதியை இழந்து, அடுக்குகளற்ற என்டிசாலாகிறது. குழியில் மிஞ்சிய சிதைந்த பாறையின்மேல் மழைநீர் தேங்கி வற்றும். ஓரத்தில் சீமைக்கருவேல் முளைக்கும். கொழுக்கட்டைப் புல்லின் விதை காற்றில் வந்து விழுந்தாலும், அது வேரோட அங்கே கல்லிடுக்குமில்லை, அதில் மண்ணுமில்லை.